கைபர்: கல்லைப் புரட்டாமல் கற்கும் பாடம்

கைபர் என்னும் பெயரைக் கேட்டதும் பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் படித்த கணவாய் ஒன்று சிலருடைய நினைவுக்கு வரும். நம் இல்லங்களில் வளர்ந்தவர்களுக்கோ, ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் நிகழ்ந்த போரும், அங்கிருந்த கோட்டைகளும், பேரீச்சந் தோட்டங்களுமே முதலில் நினைவுக்கு வரும். வாசகர்களே! இப்போது நாம் செல்லவிருப்பது இந்த இரண்டாவது கைபருக்கு. ஆனால் அந்தப் போரைப் பற்றிப் பேசுவதற்காக அன்று. அப்போர் நிகழ்ந்த நாளிலேயே பல்லாயிரம் ஆண்டுப் பழமை உடையவையாய் அங்கே கிடந்த கற்களைப் பற்றிப் பேசுவதற்காக.

அந்தக் கற்களை அடுக்கியவர்கள் எழுத்தை அறியாதவர்கள். அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியாது. அவர்கள் பேசிய மொழி எதுவென்றும் தெரியாது. அவர்கள் விட்டுச் சென்ற கற்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. அவற்றைத் தோண்டாமலும் பெயர்க்காமலும், பார்த்தும் அளந்தும் எண்ணியுமே அம்மக்களின் வாழ்வை அறிய முடியுமா? பெருமளவுக்கு முடியும் என்று நம் காலத்து ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எவ்வாறு என்பதை அந்த நிலத்தின் மீது நடந்தபடியே தெரிந்து கொள்வோம், வாருங்கள்.

கரிந்த நிலம்

ஹஜ்ஜும் உம்ராவும் செய்து திரும்பியவர்கள் மதீனா மாநகரைச் சுற்றிலும் கறுத்துக் கிடக்கும் கற்பரப்பைக் கண்டிருப்பீர்கள். நெருப்பில் வெந்தது போன்ற அந்நிலத்தை அரபு மொழியில் 'ஹர்ரா' என்பர். பூமியின் அடியிலிருந்து வெளிப்பட்ட எரிமலைக் குழம்பு வழிந்தோடி, ஆறி, இறுகிக் கல்லான நிலம் அது. மதீனாவின் கிழக்கிலும் மேற்கிலும் இத்தகைய ஹர்ராக்கள் இருக்கின்றன. குதிரைப் படை எளிதில் கடக்க முடியாத இயற்கை அரண்களாக அவை விளங்கின. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டின் அகழ்ப் போரின்போது நகரின் வடபுறத்தில் அகழ் வெட்டினால் போதும் என்ற நிலை இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஹிஜ்ரி 654இல், அதாவது 1256ஆம் ஆண்டில், மதீனாவுக்குத் தென்கிழக்கே எரிமலை ஒன்று வெடித்து 52 நாட்கள் குழம்பைக் கக்கியது.

மதீனாவிலிருந்து வடக்கே சுமார் 150 கிலோமீட்டர் சென்றால் கைபர் வரும். பள்ளத்தாக்குகளில் பேரீச்ச மரங்கள் பசுமையாய் நிற்க, அவற்றை அடுத்து ஹர்ரத் கைபர் என்னும் கரிய வெளி விரிகின்றது. அதன் பரப்பு 12,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். பிரிக்கப்படாத பழைய தஞ்சை மாவட்டம் முழுவதையும் அதனுள் வைத்தாலும் இடம் மிஞ்சும். நடுவே ஜபல் அப்யழ் என்னும் மலை, பெயருக்கேற்ப வெண்மையாய் எழுந்து நிற்கும். மற்ற இடமெல்லாம் கறுப்பு. செருப்பையும் கிழிக்கும் கூர்மையுடைய கற்கள். ஏர் பூட்டி உழ முடியாது. வீடு கட்டிக் குடியேற முடியாது.

மனிதன் வேண்டாமென ஒதுக்கிய இந்த வறட்சியே பழம்பொருள் ஆய்வுக்கு வாய்ப்பாக அமைந்தது. ஆற்றங்கரை ஊர்களில் பழைய குடியிருப்பின் மேல் புதிய குடியிருப்பு எழும். வண்டல் மண் மூடும். ஏர் உழுது கலைக்கும். ஹர்ராவில் இவை எவையும் நிகழவில்லை. 7,000 ஆண்டுகளுக்கு முன் ஒருவன் ஒரு கல்லை எந்த இடத்தில் வைத்தானோ, பெரும்பாலும் அந்த இடத்திலேயே அது இன்றும் இருக்கின்றது.

'முதியோர்களின் வேலைப்பாடு'

ஆனால் தரையில் நிற்பவனுக்கு அங்கே என்ன தெரியும்? கறுத்த கற்களின் நடுவே கறுத்த கற்களின் வரிசை ஒன்று. முழங்கால் உயரம், சில இடங்களில் இடுப்பு உயரம். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று புரியாது. அதன் உருவம் முழுமையாய்த் தெரிய வேண்டுமானால் மேலே பறக்க வேண்டும்.

1920களில் கெய்ரோவிலிருந்து பாக்தாதுக்கு அஞ்சல் மூட்டைகளைச் சுமந்து சென்ற பிரிட்டிஷ் விமானப்படை விமானிகளுக்கு அந்த வாய்ப்புக் கிட்டியது. இன்றைய ஜோர்டானின் கிழக்கிலுள்ள ஹர்ராவைக் கடக்கும்போது, கீழே பெரும் பெரும் கல் உருவங்களைக் கண்டு அவர்கள் வியந்தனர். பெர்சி மெய்ட்லண்ட் என்னும் விமானி 1927இல் அவற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அப்பகுதியின் பதுவீன் மக்களிடம் கேட்டபோது, அவை 'முதியோர்களின் வேலைப்பாடு' என்று விடை கிடைத்தது. கட்டியவர்களின் நினைவு மறைந்து போயினும், தமக்கு முன் வாழ்ந்தவர்கள் செய்தவை என்ற மரியாதை அம்மக்களிடம் மறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வாலுடன் கூடிய பட்டம் போல் தோன்றியதால் அவ்வுருவங்களுள் ஒரு வகைக்கு விமானிகள் 'பட்டம்' என்றே பெயரிட்டனர். நீண்ட இரண்டு கற்சுவர்கள் தொலைவிலிருந்து நெருங்கி நெருங்கி வந்து ஓர் அடைப்பில் முடியும். அடைப்பின் ஓரங்களில் குழிகள். மான் கூட்டத்தைச் சுவர்களுக்கு இடையே விரட்டிக் கொண்டு வந்து அடைப்பில் சிக்க வைக்கும் வேட்டைப் பொறிகள் இவை என்பது ஆய்வாளர்களின் முடிவு. அரபகம் முதல் மத்திய ஆசியா வரை இத்தகைய பட்டங்கள் 6,000க்கும் மேல் இதுவரை கணக்கிடப்பட்டுள்ளன.

இதில் ஒரு வியப்பு உண்டு. ஜோர்டானில் 2015இல் கிடைத்த ஒரு கல்லின் மீதும், சவூதி அரேபியாவின் வடக்கில் ஒரு பாறையின் மீதும் இந்தப் பட்டங்களின் வரைபடம் செதுக்கப்பட்டிருந்தது. வெறும் கிறுக்கல் அன்று; பக்கத்திலுள்ள உண்மையான பொறிகளோடு ஒப்பிட்டால் அளவு பிசகாத வரைபடம். ஜோர்டான் கல்லில் உள்ளது சுமார் 425இல் ஒரு பங்காகச் சுருக்கி வரையப்பட்டது. 2023இல் வெளியான இவ்வாய்வின்படி அவற்றின் வயது 8,000 முதல் 9,000 ஆண்டுகள். வானில் பறக்காத மனிதன், வானிலிருந்து பார்த்தால் தன் கட்டுமானம் எப்படித் தோன்றும் என்பதை மனக்கண்ணால் கண்டு கல்லில் செதுக்கியிருக்கின்றான்! எழுத்தறியாதவர் என்பதற்காக அவர்களை அறிவற்றோர் என்று எண்ணிவிட முடியுமா?

ஒற்றறியச் சென்ற கண்

விமானிகளுக்குப் பின்னர் இந்நிலத்தை நோக்கிய கண் செயற்கைக்கோளினுடையது. 1960 முதல் 1972 வரை அமெரிக்கா 'கொரோனா' என்னும் இரகசியத் திட்டத்தின் கீழ் வானிலிருந்து உலகைப் படமெடுத்தது. பகைநாடுகளின் ஏவுகணைத் தளங்களை உளவறிவதே அதன் நோக்கம். படச்சுருள் நிறைந்ததும் அதனை ஒரு கூட்டில் வைத்துப் பூமிக்கு எறிவார்கள். குடையில் தொங்கி இறங்கும் அக்கூட்டை விமானம் ஒன்று நடுவானிலேயே கொக்கியிட்டுப் பிடித்துக்கொள்ளும். போருக்காக எடுக்கப்பட்ட அப்படங்கள் 1995இல் இரகசிய நீக்கம் செய்யப்பட்டன. எண்ணிக்கை 8 இலட்சத்துக்கும் அதிகம். புதிய சாலைகளும் நகர விரிவுகளும் வருவதற்கு முன் பாலைவனம் எப்படி இருந்தது என்பதற்கு அவையே இன்று சாட்சி.

1981 நவம்பரில் கொலம்பியா என்னும் விண்ணோடம் ராடார் கருவி ஒன்றைச் சுமந்து சென்றது. எகிப்து, சூடான் எல்லையிலுள்ள வறண்ட மணற்பரப்பின் மேல் அக்கருவி அலைகளைச் செலுத்தியபோது, மணலுக்கு அடியில் மூடிக்கிடந்த பழைய ஆற்றுத் தடங்கள் படத்தில் தெரிந்தன. ஒரு கூடை மண்ணைக்கூட அள்ளாமல் மறைந்த ஆறுகளைக் கண்டார்கள்! ஈரமற்ற மணலை ராடார் அலை ஊடுருவும் என்பதே அதன் இரகசியம்.

இனி, கைபருக்குத் திரும்புவோம். செயற்கைக்கோள் படங்கள் எல்லாருக்கும் கிடைக்கத் தொடங்கியபின், சவூதியைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரும் அவருடைய நண்பர்களும் ஓய்வு நேரங்களில் அவற்றை ஊன்றிப் பார்த்து, ஹர்ரத் கைபரில் இதுவரை யாரும் விவரிக்காத உருவங்கள் இருப்பதைக் கண்டனர். அவர்கள் தந்த செய்தியையும் படங்களையும் கொண்டு, ஜோர்டானில் 1997 முதல் வான்வழி ஆய்வு நடத்தி வந்த ஆஸ்திரேலியப் பேராசிரியர் டேவிட் கென்னடி ஆராய்ந்து, சுமார் 400 உருவங்களைப் பற்றி 2017இல் எழுதினார். தரையில் படுக்க வைத்த வேலிக்கதவு போல் இருந்ததால் முதலில் அவற்றைக் 'கதவுகள்' என்றனர். இப்போது நிலைத்திருக்கும் பெயர் 'முஸ்ததீல்'. அரபு ஓதும் நம் மாணவர்களுக்கு இதன் பொருள் சொல்ல வேண்டியதில்லை: நீள்சதுரம்.

அதே 2017ஆம் ஆண்டில் அல்-உலா பகுதிக்கென அரச ஆணையம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் ஆதரவில் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகக் குழு ஒன்று அல்-உலாவிலும் கைபரிலும் பணியைத் தொடங்கியது. 1,600க்கும் மேற்பட்ட முஸ்ததீல்கள் இன்று அறியப்பட்டுள்ளன.

நடந்து நடந்து அறிவது

செயற்கைக்கோள் படம் ஓர் அழைப்பு மட்டுமே. அழைப்பை ஏற்றுச் சென்று பார்ப்பவர்க்கே உண்மை விளங்கும். அக்குழு முதலில் ஹெலிகாப்டரில் பறந்து சுமார் 350 முஸ்ததீல்களைச் சாய்வுக் கோணங்களில் படமெடுத்தது. பின்னர் அவற்றுள் 39 இடங்களில் தரையிறங்கி நடந்தது.

நடப்பது என்றால் உலாவுவது அன்று. ஒவ்வொரு சுவரையும் தலை முதல் அடி வரை தொடர்ந்து சென்று, நீளம், அகலம், உயரம் அளந்து, ஜி.பி.எஸ். கருவியால் இடத்தைக் குறித்து, கிடக்கும் கல்லைக் கிடக்கும் நிலையிலேயே படமெடுத்து, ஏட்டில் எழுதி, எடுத்ததை எடுத்த இடத்திலேயே விட்டு வருவது. ஆளில்லா வானூர்தி ஒன்றைத் தாழப் பறக்கவிட்டு நூற்றுக்கணக்கான படங்களை எடுப்பார்கள். ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் அப்படங்களைக் கணினி இணைத்து, நீள, அகல, உயரங்களுடன் கூடிய முழு உருவமாக்கித் தரும். நாட்டுக்குத் திரும்பிய பின்னரும் ஆய்வாளர் அந்தச் சுவரைத் திரையில் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம்.

இப்படி நடந்ததால் என்ன தெரிந்தது? முஸ்ததீல்களில் மிகச் சிறியது 20 மீட்டர். மிகப் பெரியது 600 மீட்டருக்கும் மேல். இரண்டு நீண்ட சுவர்கள், தலைப்புறத்தில் ஒரு தடித்த மேடை, எதிர்ப்புறத்தில் ஒடுங்கிய வாசல். தலைமேடையின் நடுவே சிறிய அறை. மந்தையை அடைக்கும் பட்டி என்று சொல்ல முடியாது; சுவர்கள் தாழ்ந்தவை, ஆடு எளிதாய்த் தாண்டிவிடும். வாசலோ ஒருவர் பின் ஒருவராய் நுழையுமளவுக்குக் குறுகியது. ஆகவே இது கூடி நடத்தும் ஏதோ ஒரு சடங்குக்கான இடம் என்ற கருத்து வலுப்பெற்றது. ஒரு முஸ்ததீலுக்கு மட்டும் சுமார் 12,000 டன் கல் சுமக்கப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தனியொரு குடும்பத்தால் ஆகிற வேலையா இது? பலர் ஒன்று சேர்ந்தனர். அவர்களை ஒருங்கிணைக்க ஒரு தலைமை இருந்தது. உணவு தேடும் வேலையை நிறுத்திவிட்டுக் கல் சுமக்குமளவுக்கு அவர்களிடம் மிச்சம் இருந்தது. ஒரு கல்லைக்கூடப் பெயர்க்காமல் இத்தனையும் தெரிந்துவிடுகின்றது.

காலத்தின் வரிசையையும் ஓரளவு அப்படியே அறியலாம். ஒரு முஸ்ததீலின் சுவர்மேல் வட்டமான கல்லறை ஒன்று எழுந்திருந்தால், கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. சுவரில் ஓர் இடத்தில் கற்கள் குறைந்து, அருகே அதே கற்களால் வேறொரு கட்டடம் நின்றால், எது எதற்கு முந்தியது என்பது விளங்கும். வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு அடுக்கைப் பார்த்து எந்தப் பெருநாளுக்கு எந்த வண்ணம் அடித்தோம் என்று சொல்வதைப் போன்றது இது.

கருவிகளின் துணையும் உண்டு. நிலத்தின்மேல் மெல்ல இழுத்துச் செல்லும் ராடார் வண்டி, அடியில் புதைந்த சுவரையும் குழியையும் அலைகளின் எதிரொலியால் காட்டும். காந்தமானி என்னும் கருவி, முன்பு தீ எரிந்த அடுப்பையும் தூர்ந்து போன பள்ளத்தையும் மண்ணின் காந்த வேறுபாட்டால் உணர்த்தும். ஆனால் எரிமலைக் கருங்கல் தானே காந்தத் தன்மை உடையது. அதனால் ஹர்ராவில் காந்தமானி தடுமாறும். எந்த நிலத்துக்கு எந்தக் கருவி என்று தேர்வதும் இக்கல்வியின் ஒரு பகுதி.

சில தடயங்களைப் பார்த்துப் பதிவு செய்வதைத் தவிர வேறு வழியே இல்லை. வடக்கேயுள்ள நுஃபூத் பாலைவனத்தில், வறண்டுபோன பழைய ஏரியொன்றின் சேற்றுப் படிவில் 2017இல் காலடித் தடங்கள் தென்பட்டன. யானை, ஒட்டகம் முதலிய விலங்குகளின் தடங்களோடு மனிதக் காலடிகள் 7 இருந்தன. அவை சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2020இல் அறிவிக்கப்பட்டது. மேலே மூடியிருந்த மண் அகன்றதால் தெரிந்த அத்தடங்களைக் காற்றே நாளடைவில் அழித்துவிடும். அவற்றைப் பெயர்த்தெடுக்க முடியுமா? படமும் அளவுமே அவற்றுக்குப் பாதுகாப்பு.

ஏன் தோண்டக் கூடாது?

'இத்தனை சிரமம் எதற்கு? தோண்டிப் பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடாதா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அகழாய்வு என்பது, படித்த பக்கத்தைக் கிழித்துப் போட்டபடியே ஒரு நூலைப் படிப்பதற்கு ஒப்பானது. மேலடுக்கை அகற்றினால்தான் கீழடுக்குத் தெரியும். அகற்றிய அடுக்கை மீண்டும் அமைக்க எவராலும் இயலாது. தோண்டுபவர் கவனிக்கத் தவறியது எதுவோ, அது என்றென்றைக்கும் தவறியதே. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சாம்பல் என்று வீசியெறிந்ததிலிருந்து இன்றைய ஆய்வுக்கூடம் ஒரு காலத்தின் உணவையே சொல்லிவிடும். அவ்வாறே, இன்று நாம் குப்பை என்று தள்ளுவதில் நாளைய மாணவன் என்ன படிப்பானோ! ஆகவே, பின்வருவோருக்கென்று பெரும்பகுதியைத் தொடாமல் விட்டுவைப்பதே பொறுப்புள்ள ஆய்வாளரின் வழக்கம்.

அதற்காகத் தோண்டவே கூடாது என்பதும் அன்று. கல் தன் வயதைத் தானே சொல்லாது. வயதைச் சொல்ல எலும்போ கரியோ வேண்டும். அல்-உலாவுக்குக் கிழக்கே 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு முஸ்ததீலைத் திறந்தபோது, நட்டு வைத்த ஒரு கல்லைச் சுற்றிலும் மாடு, ஆடு முதலியவற்றின் மண்டையோடும் கொம்புமாக 260 துண்டுகள் கிடைத்தன. 2023இல் வெளியான இவ்வாய்வினால் முஸ்ததீல்களின் வயது சுமார் 7,000 ஆண்டுகள் என்பது உறுதிப்பட்டது. கூட்டச் சடங்குக்கான இடம் என்று நடந்து பார்த்தவர்கள் ஊகித்ததும் மெய்யாயிற்று. மாடுகள் மேய்ந்தன என்றால் அங்கே புல் இருந்தது. புல் இருந்தால் மழை இருந்தது. இன்றைய கரிந்த நிலம் அன்று மேய்ச்சல் நிலம்! ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பார்த்து, ஒருசிலவற்றை மட்டும் திறந்ததால் வந்த அறிவு இது.

கல்லறைகளின் செய்தி இன்னும் நெஞ்சைத் தொடுவது. கைபரிலிருந்து புறப்படும் பழைய பாதைகளின் இருமருங்கிலும் வரிசை வரிசையாய்க் கல்லறைகள். வட்டக் கல்லடுக்கு ஒன்று, அதிலிருந்து வால் போல் நீளும் சிறு கற்குவியல்கள். மேலிருந்து பார்த்தால் கழுத்துச் சங்கிலியின் பதக்கம் போலிருக்கும். சுமார் 18,000 கல்லறைகள் வானிலிருந்து பதிவு செய்யப்பட்டன. திறந்தோ மாதிரி எடுத்தோ பார்த்தவை 80 அளவில்தான். அவை சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. ஆனால் அவற்றைத் திறக்காமலே தெரிந்த செய்தியே பெரிது. கல்லறை வரிசைகள் ஒரு நீர்ச்சுனையிலிருந்து மற்றொரு நீர்ச்சுனைக்குச் செல்கின்றன. மறைந்த தம் முன்னோரை இருபுறமும் வைத்துக் கொண்டு, அவர்கள் நடுவே மந்தைகளை ஓட்டிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்திருக்கிறது அக்காலத்துச் சமுதாயம். கபுறின் மீது கால் படுவதையே தவிர்க்கும் வழக்கமுடைய நமக்கு, இந்தக் கல்லறைகளைத் திறக்காமலே அறியும் முறையின் அருமை எளிதில் விளங்கும்.

கண்ணெதிரே மறைந்திருந்த மதில்

கைபர்ச் சோலையைச் சுற்றி நெடுந்தொலைவுக்குச் சிதைந்த சுவர்த்துண்டுகள் கிடக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தவர்கள் அவற்றின் அருகே நடந்து சென்றவர்களே. ஆயினும் அவை அனைத்தும் ஒரே மதிலின் உறுப்புகள் என்பது பிரெஞ்சு, சவூதி ஆய்வாளர்கள் வான் படங்களையும் தரை அளவுகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்த பின்னரே தெளிவாயிற்று. 2024இல் வெளியான அவர்கள் ஆய்வின்படி, அம்மதிலின் முழு நீளம் 14.5 கிலோமீட்டர். உயரம் ஏறத்தாழ 5 மீட்டர். கட்டப்பட்ட காலம் கி.மு. 2250க்கும் 1950க்கும் இடைப்பட்டது. இன்று எஞ்சியிருப்பது அதில் பாதிக்கும் குறைவு.

அம்மதிலுக்குள் அந்-நதா என்னும் சிற்றூர் ஒன்றும் கருங்கற் குவியல்களுக்கு அடியில் மறைந்திருந்தது. 2020இல் அடையாளம் காணப்பட்ட அவ்வூரின் பரப்பு 2.6 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ ஆறரை ஏக்கர். சுமார் 500 பேர் வாழ்ந்திருக்கலாம் என்று மதிப்பிட்டுள்ளனர். வீடுகளும் ஒடுங்கிய தெருக்களும், ஒதுக்குப்புறத்தில் கல்லறைகளும் இருந்தன. துல்லியமான வான் படங்களும் பொறுமையான தரை ஆய்வும் தெருவின் போக்கைக் காட்டிக் கொடுத்த பின்னரே, வேண்டிய இடத்தில் மட்டும் மண்வெட்டி இறங்கியது.

ஒரு முற்பகலில் அழியும் 7,000 ஆண்டுகள்

இந்தக் கற்கள் இடியையும் மழையையும் வெயிலையும் தாங்கிவிட்டன. ஆனால் புல்டோசரைத் தாங்கா. சாலைக்கு ஜல்லி வேண்டும். தோட்டத்துக்குச் சமநிலம் வேண்டும். குழாய் பதிக்கப் பள்ளம் வேண்டும். அடுக்கி வைத்த கல் அருகிலேயே கிடைக்கும்போது அள்ளிச் செல்வது எளிது. கொரோனா படங்களையும் இன்றைய படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மேற்காசியா முழுவதிலும் பல பழஞ்சின்னங்கள் இருந்த இடம் தெரியாமல் போயிருப்பது புலப்படும். இவ்வழிவைக் கணக்கெடுப்பதற்கென்றே ஆக்ஸ்போர்டு முதலிய பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் 2015இல் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கின.

இன்னொரு பகை, புதையல் ஆசை. கல்லறை என்றால் அதில் பொன் இருக்கும் என்ற வதந்தி எங்கும் உண்டு, பாலைவனத்திலும் உண்டு. பொன்னைத் தேடிக் கல்லைப் புரட்டியவனுக்குப் பெரும்பாலும் எலும்பும் சாம்பலுமே கிடைக்கும். அவன் வெறுங்கையோடு திரும்பிவிடுவான். ஆனால் எந்தக் கல் எதன்மேல் இருந்தது என்ற செய்தி, அதுதான் அங்கிருந்த உண்மையான செல்வம், அன்றோடு தொலைந்துவிடும். இடம்பெயர்ந்த கல் ஊமைக் கல்.

இது எங்கோ இருக்கும் யாருடைய கவலையோ என்று எண்ணிவிடாதீர்கள். சவூதி அரேபியாவின் சாலைகளிலும் கட்டுமான இடங்களிலும் தோட்டங்களிலும் பணியாற்றுவோரில் நம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்! ஓட்டுநராய், மின்பணியாளராய், இயந்திரம் இயக்குபவராய் நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த வெயிலில் நிற்கிறார்கள். 2019இல் சுற்றுலா விசா வழங்கப்படத் தொடங்கியபின், உம்ராவுக்குச் செல்வோரிலும் சிலர் கைபர், அல்-உலா வரை சென்று வருகிறார்கள். ஆக, அந்தக் கல்லைப் புரட்டும் இயந்திரத்தின் பிடியைப் பற்றியிருக்கும் கை நம் ஊர்க் கையாகவும் இருக்கலாம். புரட்டாமல் நிறுத்தி, மேற்பார்வையாளரை அழைத்து 'இது ஏதோ பழைய வேலையாகத் தெரிகிறது' என்று சொல்லும் நாவும் நம் ஊர் நாவாக இருக்கலாம்.

நாம் செய்யத்தக்கவை

அடுத்த முறை மகனோ தம்பியோ மச்சானோ அங்கிருந்து தொலைபேசியில் பேசும்போது இச்செய்தியைச் சொல்லுங்கள். வரிசையாய் அடுக்கிய கற்களைக் கண்டால் அவற்றின்மேல் வண்டியை ஏற்ற வேண்டாம். அழகாய் இருக்கிறதென்று சிக்கிமுக்கிக் கல் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். தொல்பொருளை எடுத்துச் செல்வது அந்நாட்டுச் சட்டப்படி குற்றமுமாகும். சிதறிய கற்களை எடுத்து நினைவுக்காகப் புதிய குவியல் அடுக்க வேண்டாம்; அடுத்து வரும் ஆய்வாளரை அது ஏமாற்றிவிடும். பாறைச் சித்திரத்தின்மேல் தண்ணீர் தெளித்துப் படமெடுக்க வேண்டாம். கிடப்பதைக் கிடக்கும் நிலையில் ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அப்பகுதி அதிகாரிகளிடம் தெரிவித்தால் போதும்.

இல்லத்தில் இருப்போருக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளைகளின் கைபேசியில் செயற்கைக்கோள் வரைபடம் இருக்கும். மாலை நேரத்தில் அவர்களை அருகில் அமர்த்திக்கொண்டு மதீனாவைத் தேடுங்கள். அங்கிருந்து விரலால் வடக்கே நகர்த்திக் கைபரின் பசுமையைக் கண்டுபிடியுங்கள். பின் அதை விட்டுக் கரிய வெளிக்குள் செல்லுங்கள். பொறுமையாய்ப் பெரிதாக்கிப் பார்த்தால், கறுப்பின் நடுவே மெல்லிய கோடாய் ஒரு நீள்சதுரம் தெரியும். சற்றுத் தொலைவில் ஒரு பதக்கமும் தெரியலாம். அதன் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் எத்தனை நாள் கல் சுமந்திருப்பர் என்று கேளுங்கள். மாடு மேய்ந்த காலத்தில் அங்கே மழை எப்படிப் பெய்திருக்கும் என்று பேச விடுங்கள்.

அந்தக் கற்கள் நம்முடையவை அல்ல. அவற்றை வைத்தவர்களும் இன்று இல்லை. நம் காலம் வரை வந்து சேர்ந்த அமானிதம் அவை. அமானிதத்துக்கு உரிய மரியாதை, வாங்கிய நிலையிலேயே அடுத்தவர் கையில் ஒப்படைப்பது. கைபரின் வெளியில் பறந்தும் நடந்தும் அளந்தும் எழுதியும் திரும்பும் அந்த ஆய்வாளர்கள் செய்வது அதையே. அவ்வழியே செல்லும் நம்மவர்களும் அதையே செய்வார்களாக!